18 வயதுக்குப் பிறகு கோப்பு யார் கையில்?

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது, அதுவரை அவரைச் சுற்றி இயங்கிவந்த அரசு ஏற்பாடுகளில் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரே சமயத்தில் விலகிக்கொள்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவது நின்றுவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்கு அளிக்கும் உறுதி 6 வயது முதல் 18 வயது வரைக்குமானது. வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியும் தேசிய சிறார் நலத் திட்டமும், அதன் கீழ் மாவட்ட அளவில் நடக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் அந்த வயதோடு முடிகின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் அதற்குமேல் பொருந்தாது. மனவயது குறைவாக இருக்கிறது என்பதற்காக வயதுவந்த ஒருவரை அச்சட்டத்தின் கீழ் குழந்தையாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலையும் சட்டப்படி அன்றோடு தீர்ந்துபோகிறது. தாய் இத்தனை ஆண்டுகளாகக் கையெழுத்திட்டு நடத்திவந்த வங்கிக் கணக்கில், பிள்ளையின் உதவித்தொகை வந்துகொண்டிருந்தாலும், அவர் இனிக் கையெழுத்திட முடியாது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்தால் நியாயம் உண்டு. வயதுவந்தவரை வயதுவந்தவராகவே நடத்த வேண்டும் என்பதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். என் கவலை, குழந்தைப் பருவத்து ஏற்பாடுகள் முடியும் இடத்தில் வயதுவந்தோருக்கான ஏற்பாடுகள் தாமாகத் தொடங்குவதில்லை என்பதைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி அலுவலகம், தனிக் கெடு. அதுவரை இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருந்து, “அடுத்த வாரம் முகாம் இருக்கிறதம்மா, அசல் சான்றிதழோடு வந்துவிடுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தது சிறப்புப் பள்ளி. பிள்ளை பள்ளியைவிட்டு வந்ததும் அந்த நினைவின் சுமை முழுவதும் ஒரே ஒருவரின் தலையில் இறங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் அவர் தாய்.

சமூகப் பணியில் கேஸ் மேனேஜ்மென்ட் என்று சொல்லப்படுவது இந்த வேலையைத்தான். ஒருவரின் தேவைகளை அவரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து புரிந்துகொள்வது, அதற்கேற்ப ஒரு திட்டம் எழுதுவது, அத்திட்டத்துக்கு வேண்டிய மருத்துவர், வங்கி, பயிற்சி நிலையம், அரசு அலுவலகம் ஆகியவற்றை இணைப்பது, சொன்னது நடந்ததா என்று பின்தொடர்வது, ஆண்டுதோறும் திட்டத்தைத் திருத்துவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கலிஃபோர்னியாவில் 1969இல் வந்த லான்டர்மன் சட்டம், வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் இந்தச் சேவையை உரிமையாகவே தந்தது. அங்கே 21 வட்டார மையங்கள் இருக்கின்றன. மையத்தில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். இங்கிலாந்தில் 13, 14 வயதுக்குரிய ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆண்டு ஆய்வுக் கூட்டங்கள் வயதுவந்த வாழ்க்கைக்கான ஆயத்தத்தைப் பேசியாக வேண்டும்; தேவைப்பட்டால் அந்தத் திட்டம் 25 வயது வரை தொடரலாம். அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் தாங்க முடியாத அளவுக்குக் குடும்பங்கள் ஒப்படைக்கப்படுகின்றன என்பது கலிஃபோர்னியப் பெற்றோரின் நீண்டகாலக் குறை. ஆனாலும், யாரிடம் முறையிடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் சட்டங்கள் இருக்கின்றன, திட்டங்களும் இருக்கின்றன. மற்ற பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நம் நிலை மோசமில்லை என்றே சொல்வேன். இந்தக் குடும்பங்களோடு சமூகப் பணியாளராகப் பழகிவரும் எனக்குத் தெரியும் பெரிய குறை, இத்திட்டங்களுக்கு நடுவே அந்த இளைஞரை அறிந்த ஒரு மனிதர் இல்லை என்பதுதான். பராமரிப்பு உதவித்தொகையைக் கவனிப்பவருக்குக் காப்பீடு தெரியாது. காப்பீட்டைக் கவனிப்பவருக்குப் பாதுகாவலர் சான்று எங்கே வாங்குவதென்று தெரியாது. மூன்றையும் தெரிந்த அலுவலருக்கும், எதிரே நிற்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வார் என்பதும், காலை பத்து மணிக்குமுன் வரச் சொன்னால் அமைதியாக இருப்பார் என்பதும் தெரிய வாய்ப்பில்லை.

ஆயத்தம் 14 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இந்தக் காகிதங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதுதான். அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழ் 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்கப்பட வேண்டியது. 18 வயதில் பெறுவதே வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் 15 வயதில் கட்டாயம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து வங்கியிலோ உதவித்தொகையிலோ சிக்கல் முளைக்கும். கருவிழிப் படக்கருவியின் முன்னால் சில நொடிகள் அசையாமல் இருப்பது ஆட்டிசம் உள்ள பல இளைஞர்களுக்கு மிகக் கடினம். இதற்கென விதிவிலக்குப் பதிவு இருக்கிறது என்பதை அறியாமல் நான்கைந்து முறை அழைத்துப்போய்த் திரும்பிய தாய்மார்களை நான் சந்தித்திருக்கிறேன். விதிவிலக்கைக் கேட்டு வாங்குவதற்குமுன் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. பள்ளியிலேயே ஒரு சாதாரணப் படக்கருவியை முகத்துக்கு நேராக வைத்து, சில வாரங்கள் பொறுமையாகப் பழக்கினால், பலர் அந்தச் சில நொடிகளைக் கடந்துவிடுகிறார்கள். யாராவது 14 வயதிலேயே இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால் வரும். ஆதாரில் அது பின்னால் போய்விடும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடியில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். கணினிக்கு இவர்கள் நான்கு வெவ்வேறு மனிதர்கள். மற்ற இளைஞர்கள் இதைத் தாங்களே போய்த் திருத்திக்கொள்வார்கள். இவர்களுக்காகத் திருத்தப் போகும் தாயிடமோ, “மேஜர் ஆன பிள்ளைக்கு நீங்கள் எப்படிக் கையெழுத்திடலாம்?” என்று கேட்கிறார்கள். இதே திருத்தத்தை 18 வயதுக்கு முன்பே செய்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

பாதுகாவலர் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மிக அதிகமான குழப்பமும் அச்சமும் இதைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். 18 வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்கக் கோரிப் பெற்றோரோ உறவினரோ அக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தச் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியிருக்கிறது.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பெரும்பாலான குடும்பங்கள் படித்திருக்க மாட்டார்கள், படிக்க வேண்டும். குழு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்று அது சொல்கிறது. இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா என்பது ஒன்று. என்னென்ன காரியங்களுக்குத் தேவை என்பது மற்றொன்று. நடைமுறையில் இவ்விரண்டும் ஒரு சடங்காக முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். குடும்பம் கேட்கிறது, சான்று வழங்கப்படுகிறது. எந்தெந்தக் காரியங்களுக்கு என்ற இடத்தில், “எல்லாவற்றுக்கும்” என்று பொருள்படும்படி ஏதோ ஒரு வரி எழுதப்படுகிறது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அந்தக் குடும்பத்தோடு முன்கூட்டியே உட்கார்ந்திருந்தால், கேள்வி வேறுவிதமாக எழுந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண்ணுக்கு மிதமான அறிவுசார் குறைபாடு. தன் பெயரை எழுதுவார். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைப் பிரித்தறிவார். கடைக்குப் போய்த் தேங்காயும் கொத்தமல்லியும் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கிவருவார். வங்கிக் கிளை ஒன்று, பாதுகாவலர் சான்று இல்லாமல் அவர் பெயரில் கணக்கு திறக்க முடியாது என்று சொன்னதால், குடும்பம் முழுமையான பாதுகாவலர் பொறுப்பைக் கேட்டு விண்ணப்பிக்க முடிவு செய்திருந்தது. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்கும், முதல் சில மாதங்களுக்கு அருகில் நின்று உதவ ஓர் ஆளும்தான். வேறொரு கிளையில் மேலாளரைச் சந்தித்து, அந்தப் பெண்ணே படிவத்தில் கையெழுத்திடுவதை அவருக்கு நேரில் காட்டியபோது கணக்கு திறக்கப்பட்டது. அவர் சார்பாக எல்லா முடிவுகளையும் எடுக்கும் அதிகாரம் தங்களுக்குத் தேவையில்லை என்பதை அந்தப் பெற்றோரே பிறகு உணர்ந்தார்கள்.

மறுபுறம், பேச்சும் இல்லாத, எந்த முடிவையும் எந்த வழியிலும் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவர்களும் உண்டு. பரம்பரைச் சொத்தில் அவர்களுக்குப் பங்கிருந்தால், பாதுகாவலர் இல்லாமல் அந்தச் சொத்தை யாரும் காக்க முடியாது. அத்தகைய குடும்பங்களிடம் நான் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். கூடவே, நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும், நிதியாண்டு தோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற கடமைகளையும் சொல்லிவிடுகிறேன். இவற்றைச் சான்று வாங்கிய நாளோடு மறந்துவிடுபவர்களே மிகுதி. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரையறைக்குட்பட்ட பாதுகாவலர் என்ற இன்னொரு வழியையும் திறந்திருக்கிறது. அதன்படி பாதுகாவலர், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கும் காலத்துக்கும் மட்டும், அந்த மனிதரோடு கலந்து, அவருடைய விருப்பத்தின்படி முடிவெடுக்க வேண்டும். இந்த இரண்டு சட்டங்களில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரு தாய் தனியாக எப்படித் தீர்மானிப்பார்?

முடிவு யாருடையது என்ற இந்தக் கேள்வி காகிதத்தோடு முடிவதில்லை. மகாராஷ்டிரத்தின் சிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு 1994இல் புனே மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டபோது, மாதவிடாய்க் காலத்தில் அவர்களைப் பராமரிப்பது கடினம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை இன்றும் தாழ்ந்த குரலில் என்னிடம் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் சொல்வது களைப்பிலிருந்து வருகிறது, தாங்கள் இல்லாத காலத்தில் மகளுக்கு என்ன நேருமோ என்ற பயத்திலிருந்தும் வருகிறது. ஆனால் ஒருவருடைய சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் அவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தொடர விரும்பியபோது, அவருடைய விருப்பத்தை மீறிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. மாதவிடாய் நாட்களில் துணி மாற்றுவதைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் முறைகள் இருக்கின்றன. படங்களை வரிசையாக ஒட்டி, குளியலறையில் அதே இடத்தில் அதே பொருள்களை வைத்துப் பழக்கினால், முடியவே முடியாது என்று நினைத்த பலர் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தாய்க்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது அறிவுரை அல்ல. வீட்டுக்கு வந்து கூட நின்று கற்றுக்கொடுக்கும் ஒருவர்தான் அவருக்கு வேண்டும்.

வாக்குரிமையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரை மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்தால் மட்டுமே அவருடைய பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுக்க முடியும். உள்ளூர் அளவிலான குழு வழங்கும் பாதுகாவலர் சான்று அத்தகைய அறிவிப்பு அன்று. 18 வயது நிறைந்தவுடன் படிவம் 6ஐ நிரப்பலாம். வாக்குச்சாவடியில் மை வைத்த விரலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு வந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவில் உள்ளவர்கள் அவர்களைப் பார்க்கும் பார்வையே அதன்பிறகு சற்று மாறிவிடுகிறது.

வேலையைப் பற்றிப் பேசும்போது என் கருத்து சில நண்பர்களுக்கு உவப்பாக இருப்பதில்லை. நம் தொழிற்பயிற்சிக் கூடங்களில் மெழுகுவர்த்தி, காகித உறை, மிதியடி ஆகியவற்றைச் செய்யப் பழக்குகிறோம். பகல்பொழுதில் ஒரு வேலையும் நண்பர்களும் இருப்பது பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் நான்கு சுவர்களுக்குள் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் 18 வயதில் உறை ஒட்டத் தொடங்கியவர் 35 வயதிலும் அதே மேசையில் அதே உறையை ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், இடையில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் பொருள். அவருக்கு எது பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், எந்தச் சத்தம் தொந்தரவு, தனியாகப் பேருந்தில் ஏறி இறங்குவாரா என்பதையெல்லாம் கவனித்துக் குறித்துவைத்தால், பொருத்தமான வேலை ஒன்று புலப்படும். பல்பொருள் அங்காடியில் பொருள்களை வரிசைப்படுத்துவது, உணவகத்தில் தட்டுகளைத் துடைத்து அடுக்குவது, நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்புவது போன்ற வேலைகளில் ஒழுங்கு தவறாதவர்களாக இவர்கள் விளங்குகிறார்கள். முதலில் பயிற்றுநர் ஒருவர் முழுநாளும் பக்கத்தில் நிற்பார், பிறகு அரைநாள், பிறகு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். அந்தப் பயிற்றுநருக்கான ஊதியத்தைத் தருவது யார் என்று தீர்மானிக்காத வரை இந்த ஏற்பாடு சில நல்ல நிறுவனங்களின் முயற்சியாகவே நின்றுவிடும். அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுவாக உண்டு. எழுத்துத் தேர்வின் வாசலிலேயே இவர்களில் பலர் நின்றுவிடுவதால், அதன் பயன் இவர்களை எட்டுவது அரிது.

வேலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் பேசினால், தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது தெரியவரும். அரசு ஊழியரின் மகனோ மகளோ, குறைபாட்டின் காரணமாகப் பிழைப்புக்குப் பொருளீட்ட இயலாதவர் என்றால், பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். மாதம் சில ஆயிரம் சம்பளத்துக்குப் போகப்போய் அந்த ஓய்வூதியமே இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். அது நியாயமான அச்சம்தான். ஆனால் மத்திய அரசு 2021இல் இந்த வரம்பைத் தளர்த்தியது. பிற வழிகளில் வரும் வருமானம், கிடைக்கவேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தையும் அதன் அகவிலைப்படியையும்விடக் குறைவாக இருந்தால், உரிமை தொடரும். அந்தச் சாதாரண விகிதம் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு. பிள்ளையின் பெயரைப் பெற்றோர் தம் காலத்திலேயே ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடவும் வழி உண்டு. இந்த ஒரு விவரம் தெரியாததால் வேலைக்கு அனுப்பப்படாமல் வீட்டில் இருக்கும் இளைஞர்களை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. மாநில அரசு ஊழியர்கள் தங்களுக்குரிய விதிகளைத் தங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மற்ற பண விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்பு இல்லை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் இல்லை, தெரபிச் செலவையும் கோரலாம். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அந்த மாதத்தில் வீட்டில் ஒரு திருமணமோ துக்கமோ வந்துவிட்டால் மறந்துவிடுகிறார்கள். பழைய வரிமுறையில் இருக்கும் பெற்றோருக்கு வருமான வரியில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

உடல்நலத்தில் ஒரு விஷயம் மட்டும். குழந்தை நல மருத்துவர் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவந்தவரைப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்று கூடப் போக வேண்டும். வலிப்புக்கு எந்த மருந்து ஒத்துவரவில்லை, ஊசி போடும்போது என்ன செய்தால் அமைதியாவார், வயிற்றுவலியை எப்படிக் காட்டுவார் என்பவை அதில் இருக்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை தைராய்டு பரிசோதனை அவசியம். திடீரென்று மந்தமாகிவிட்டார், பேச்சைக் குறைத்துவிட்டார் என்றால், “இவர்கள் அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். பேச இயலாத இளைஞர் ஒருவர் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டதற்கு மனநல மருந்து கொடுக்கப்பட்டு, கடைசியில் கடைவாய்ப் பல் சீழ்பிடித்திருந்தது தெரியவந்ததை நான் அறிவேன்.

எங்களுக்குப் பிறகு யார் என்று கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கான விடையைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாமலே அக்காவின் மீதோ தம்பியின் மீதோ வைத்துவிடுகிறார்கள். உடன்பிறந்தவரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் திருமணத்துக்கு முன்பே, வேலைக்காக வெளியூர் போவதற்கு முன்பே கேட்க வேண்டும். எவ்வளவு முடியும், எது முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. “கூட வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது, ஆனால் பணக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் ஒருமுறை வந்து அழைத்துப்போகிறேன்” என்று ஓர் அக்கா வெளிப்படையாகச் சொன்னபோது, அந்தக் குடும்பத்துக்கு அழுகை வந்தது; ஆனால் அதன்பிறகுதான் அவர்களால் திட்டமிடவே முடிந்தது. தேசிய அறக்கட்டளையின் சமர்த், கரோண்டா திட்டங்களின் கீழ் வரும் இல்லங்கள், பெற்றோர் சேர்ந்து நடத்தும் சிறு குழு இல்லங்கள் ஆகியவற்றைப் போய்ப் பார்ப்பதும், இரண்டு மூன்று நாள் தங்கவைத்துப் பழக்குவதும், பெற்றோர் திடமாக இருக்கும்போதே நடக்க வேண்டியவை. தாயின் மரணத்துக்கு அடுத்த வாரம், முன்பின் அறியாத இடத்தில் ஒருவரைக் கொண்டுபோய் விடுவது கொடுமை. அவர் ஒரே நேரத்தில் தாயையும் தன் கட்டிலையும் வழக்கமான காலை நேரத்தையும் இழக்கிறார், எதற்காக என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்வதுமில்லை.

இத்தனையையும் ஒருவர் கையில் கொடுக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது. உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டுவருகின்றன. முன்களப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தும் இருக்கிறார்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் வீட்டுக்கு அருகிலேயே கிடைப்பது, மாதம் இரண்டு முறை நகரத்துக்குப் பேருந்து மாறிப் போய்வந்த குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதல். இந்த மையங்கள் ஒவ்வொன்றிலும், 14 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கென்றே நிரந்தரமான ஓர் ஒருங்கிணைப்பாளர் பணியிடம் வேண்டும் என்று நான் கேட்கிறேன். மறுவாழ்வுச் சமூகப் பணியாளர்களை இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. சிறப்புக் கல்வி படித்தவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். எனவே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கொரு முறை முடிந்துபோகும் தொகுப்பூதிய ஒப்பந்தத்தில் அவரை அமர்த்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இளைஞர்களில் பலருக்கு ஒரு புதிய முகத்தை ஏற்றுக்கொள்ளவே ஓராண்டு ஆகும்.

அந்தப் பணியாளரின் முதல் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. இளைஞரும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரால் பேச முடியாவிட்டால் படங்களும் பொருள்களும் மேசைமீது இருக்க வேண்டும். பிடிப்பதை ஒரு பக்கமும் பிடிக்காததை மறுபக்கமும் அவரே நகர்த்தி வைக்கட்டும். அதன்பிறகு பெற்றோர் பேசலாம், பெற்றோருக்குப் பிறகு ஆசிரியர். திட்டத்தின் முதல் வரியில் அவர் நகர்த்திக் காட்டியதே எழுதப்பட வேண்டும். திட்டத்தின் ஒரு பிரதி வீட்டுக்கும் ஒரு பிரதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போக வேண்டும். அடுத்த ஆய்வுக்கான தேதியும் ஒருங்கிணைப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் அதன் மேலட்டையில் அச்சாகியிருக்க வேண்டும்; பணியாளர் மாறினால், புதியவரை அழைத்துக்கொண்டு பழையவரே அந்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் வந்து அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.